பனிமூட்டத்துக்கு மேலே வெடிக்கும் விண்மீன்: எக்ஸ் கதிர் வெடிப்பை லெப்டொப்பில் அளக்கும் முறை

ஜூலை மாதத்தில் நுவரெலியாவிலோ ஹட்டனிலோ தொலைநோக்கியை வெளியே வைத்தால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும், விண்மீன் தெரியாது. இந்த வேலைக்கு அது ஒரு தடையே இல்லை. எக்ஸ் கதிரை வளிமண்டலம் முழுதாக உறிஞ்சிவிடும். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தாலும் தரையிலிருந்து எதுவும் அகப்படாது. செய்மதிகள் சேர்த்துவைத்த தரவுகள் மட்டும் எவரும் எடுத்துக்கொள்ளத் திறந்து கிடக்கின்றன. லயத்து அறையில் இருப்பவருக்கும் பேராதனை விடுதியில் இருப்பவருக்கும் கிடைப்பது ஒரே கோப்புதான்.

வேண்டியவை: 4 ஜி.பி. நினைவகம் உள்ள லெப்டொப், அதில் பைத்தன் கணினி மொழியும் அதற்கான அஸ்ட்ரோபை, நம்பை, மட்பிளொட்லிப் ஆகிய மூன்று பொதிகளும், கொஞ்சம் டேட்டா, ஒரு கொப்பி. உயர்தரப் பௌதிகவியல் தெரிந்தால் கணக்கு எதுவும் மிரட்டாது.

வெடிப்பது எது

இரட்டை விண்மீன் தொகுதி ஒன்றில் ஓர் அங்கம் நியூத்திரன் விண்மீன். திணிவு சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு, ஆரை 10 முதல் 13 கிலோமீற்றர். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு நேர்கோட்டுத் தூரம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அதன் விட்டம். மற்ற அங்கம் சூரியனைவிடச் சிறிய விண்மீன், சில தொகுதிகளில் வெண்குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன். அதிலிருந்து வழியும் வாயு தட்டாகச் சுழன்று நியூத்திரன் விண்மீனின் மேல் விழுகிறது. விழுகிற ஒவ்வொரு புரோத்தனும் நியூத்திரனும் ஏறத்தாழ 200 மெகா இலத்திரன்வோல்ற்றுச் சக்தியை விடுவிக்கும். ஓயாமல் தெரியும் எக்ஸ் கதிர் வெளிச்சம் அதுதான்.

விழுந்த ஐதரசனும் ஈலியமும் சும்மா கிடப்பதில்லை. மீற்றர்க் கணக்கில்தான் தடிப்பு என்றாலும் அங்குள்ள ஈர்ப்பில் அடிப்பகுதி பயங்கரமாக நெரிபடும். ஒரு கட்டத்தில் ஈலியம் பற்றிக்கொள்ளும். சாதாரண விண்மீனின் உள்ளே சூடு ஏறினால் வாயு விரியும், ஆறும். இங்கே படை மெல்லியது. எவ்வளவு விரிந்தாலும் அதன்மேல் அழுத்தும் எடை மாறுவதில்லை, ஆற வழியில்லை. ஈலிய எரிவோ வெப்பநிலை சற்று ஏறினாலே பலமடங்கு வேகம் பிடிக்கும். ஆகவே ஓரிரு செக்கனில் மேற்பரப்பு முழுதும் தீப்பிடித்து, சுமார் 3 கோடி கெல்வின் வரை சூடாகி, பிறகு சில பத்துச் செக்கன்களில் ஆறுகிறது. வெளிப்படும் சக்தி 10³² யூல் அளவில். சூரியன் மூன்று நாளில் உமிழ்வது. விண்மீன் சேதப்படுவதில்லை. சில மணித்தியாலத்தில் புதுப்படை சேர்ந்து மறுபடி பற்றும்.

இதற்குப் பெயர் முதலாம் வகை வெடிப்பு. இரண்டாம் வகையும் உண்டு: தட்டிலுள்ள வாயு விட்டுவிட்டுக் கொட்டுவதால் வருவது, அணுக்கரு எரிவு அல்ல. 1976 இல் கண்டறியப்பட்ட ‘விரைவு வெடிப்பான்’ இரண்டு வகையையும் காட்டும். புதியவர்கள் அதைத் தொடவேண்டாம்; எது எந்த வகை என்று பிரிப்பதிலேயே பொழுது போய்விடும்.

எந்த விண்மீனில் தொடங்குவது

ஜி.எஸ். 1826-24 இல் தொடங்குங்கள். மணிக்கூடு போல வெடிப்பது என்று பெயர் வாங்கியது அது. 1997, 1998 அவதானிப்புகளில் 5.74 மணித்தியாலத்துக்கு ஒரு வெடிப்பு. 2000 இல் 4.10 மணித்தியாலம். 2002 ஜூலையில் 3.56. ஒரே காலப்பகுதியில் எடுத்த வெடிப்புகளின் வரைபுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஏறத்தாழ 150 செக்கனும் அப்படியே பொருந்தும். 1997 க்கும் 2000 க்கும் இடையில் அதன் ஓயாத வெளிச்சம் 36 சதவீதம் கூடியது. 5.74 ஐ 1.36 ஆல் வகுத்தால் 4.22, அளந்தது 4.10. கூடை நிரம்பும் வேகம் கூடினால் நிறைகிற நேரம் குறையும் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

இரண்டாவதாக 4யூ 1728-34. இதன் வெடிப்புகள் 10 செக்கன் அளவில் முடிகிற கூரான ஈலிய வெடிப்புகள். இரண்டையும் ஒரே வரைபுத்தாளில் வரைந்தால் எரிபொருள் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். 4யூ 1820-30 வரலாற்றால் பேர்போனது: 1975 இல் நெதர்லாந்துச் செய்மதி எடுத்த தரவில் ஜொனதன் கிரிண்ட்லேயும் ஜோன் ஹைசவும் முதன்முதல் இனங்கண்ட வெடிப்புகள் இதனுடையவைதான். ஆனால் இது தன் வெளிச்சம் குறைந்த காலத்தில் மட்டும் வெடிப்பதால் கண்டபடி ஒரு கோப்பை எடுத்தால் வெறுங்கைதான்.

தரவுக்கு நாசாவின் ரொஸ்ஸி செய்மதியைப் பரிந்துரைக்கிறோம். 1995 டிசம்பர் 30 இல் ஏவப்பட்டு 2012 ஜனவரி வரை வேலைசெய்தது. நைசர், அஸ்ட்ரோசாட் போன்றவை புதியவைதான், ஆனால் முதல் பயிற்சிக்கு ரொஸ்ஸியின் கோப்பு எளியது, சிறியது.

கோப்பை இறக்குதல்

முதலில் டங்கன் கலொவே குழுவினரின் மின்பார் பட்டியலைப் பாருங்கள். ரொஸ்ஸி, பெப்போசாக்ஸ், இன்டகிரல் ஆகிய செய்மதிகள் 85 விண்மீன்களில் கண்ட 7083 வெடிப்புகள் அதில் உள்ளன. உங்கள் விண்மீனுக்குரிய ஒரு வெடிப்பின் நேரத்தையும் அவதானிப்பு இலக்கத்தையும் கொப்பியில் எழுதிக்கொண்டு, நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் அந்த இலக்கத்தைத் தேடுங்கள்.

இங்கேதான் டேட்டா வீணாகிறது. முழுக் கோப்புறையையும் இறக்க அழுத்தினால் நூறு எம்.பி.யைத் தாண்டிப் போகக்கூடும். உங்களுக்கு வேண்டியது ‘ஸ்டான்டர்ட் 1’ வகைக் கோப்பு மட்டும், பெயர் எஃப்.எஸ்.46 என்று தொடங்கும். அதை மட்டும் எடுங்கள். எஃப்.எஸ்.4ஏ என்று தொடங்குவது ‘ஸ்டான்டர்ட் 2’. அது 16 செக்கனுக்கு ஒரு வாசிப்பு. ஏறுவதற்கு ஐந்து செக்கன் எடுக்கும் வெடிப்பை அதில் வரைந்தால் ஒரு கட்டை நிமிர்ந்து நிற்கிறது போலத்தான் இருக்கும். இரவு நேர டேட்டா பொதி இருந்தால் அதில் இறக்குங்கள். காற்றும் மழையுமாய்க் கரண்ட் போய்வரும் நாளில் உலாவியை நம்பவேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரும் தெரிவுடன் டபிள்யூகெட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். சுருக்கிய கோப்பை விரிக்கத் தேவையில்லை, அஸ்ட்ரோபை அப்படியே திறக்கும்.

திறந்தவுடன் நடக்கும் பிழை

கோப்பின் முதல் பகுதி தலைப்புத்தான். தரவு இரண்டாவது பகுதியிலுள்ள அட்டவணையில். அதில் நேரத்துக்கு ஒரு நிரல், ரொஸ்ஸியின் ஐந்து எக்ஸ் கதிர் உணரிகளுக்கும் தனித்தனி நிரல்கள். உணரி நிரல்களின் பெயர் 0 முதல் 4 வரை இலக்கத்தில் முடியும். ஒரு நிரை என்பது ஒரு வாசிப்பு அல்ல. ஒவ்வொரு நிரையிலும் ஓர் உணரிக்கு 1024 எண்கள் அடுக்கப்பட்டிருக்கும், ஒவ்வொன்றும் 0.125 செக்கனுக்குரியது. 1024 ஐ 0.125 ஆல் பெருக்கினால் 128 செக்கன். அடுத்தடுத்த நிரைகளின் நேர வித்தியாசமும் அதுவே. இதைக் கவனிக்காமல் ஒரு நிரைக்கு ஒரு புள்ளி என்று வரைந்துவிட்டு ‘வெடிப்பைக் காணோம்’ என்று சோர்ந்துபோவது வழக்கமான பிழை. நிரையின் நேரத்துடன் 0, 0.125, 0.250 என்று கூட்டி ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் நேரத்தைக் கொடுங்கள்.

நேரம் 1994 ஜனவரி 1 இலிருந்து எண்ணிய செக்கன்கள். உலக நேரத்துக்கும் இதற்கும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வித்தியாசம் உண்டு, எங்கள் வேலைக்கு அது பாதகமில்லை. அந்த வெடிப்பு இலங்கையில் எத்தனை மணிக்கு நடந்தது என்று பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது: 1996 ஒக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை நமது நேரம் உலக நேரத்தைவிட 6 மணித்தியாலம் முன்னே இருந்தது, ஐந்தரை அல்ல. 1998 தரவுக்கு ஐந்தரையைக் கூட்டினால் அரை மணித்தியாலம் பிழைக்கும்.

அடுத்து, எந்த உணரிகள் வேலைசெய்துகொண்டிருந்தன என்று பாருங்கள். மின்பொறி பாய்வதைத் தவிர்க்க அவற்றை மாறிமாறி நிறுத்திவைத்தார்கள். ஒருநாள் ஐந்து, இன்னொருநாள் இரண்டு. நின்றிருந்த உணரியின் நிரல் பூச்சியமாகக் கிடக்கும். வேலைசெய்தவற்றைக் கூட்டி, அவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால்தான் ஒரு நாளை மறுநாளோடு ஒப்பிடலாம். 0 ஆம் இலக்க உணரி 2000 மே மாதத்தில் தன் முன்பக்க வாயுப் படையை இழந்தது. அதற்குப் பிந்திய தரவில் அதன் பின்னணி அதிகம். முடிந்தால் விட்டுவிடுங்கள்.

எட்டு எட்டு வாசிப்புகளாகக் கூட்டினால் ஒரு செக்கனுக்கு ஒரு புள்ளி. 400 எண்ணிக்கை வந்தால் அதன் இயல்பான தளம்பல் வர்க்கமூலம், அதாவது 20. எனவே முந்திய 100 செக்கனின் சராசரியைவிட அந்தத் தளம்பலின் ஐந்து மடங்குக்கு மேல், அடுத்தடுத்து மூன்று செக்கன் உயர்ந்து நிற்கும் இடங்களைத் தேடும்படி எழுதுங்கள். பத்து வரிக்குள் முடியும்.

வெடிப்புப் போல் வேடம் போடுபவை

உண்மையான வெடிப்பு சடுதியாக ஏறி, மெதுவாக, வால் நீண்டு இறங்கும். படிக்கட்டுப் போல் ஏறி அப்படியே மட்டமாக நின்றால் ஓர் உணரி இயங்கத் தொடங்கியிருக்கிறது. ஒரே உணரியில் மட்டும் ஏறி மற்றவை அசையாதிருந்தால் அந்த உணரியில் ஏதோ கோளாறு. எல்லாவற்றிலும் சேர்ந்து ஏறி, ஓரிரு செக்கனில் வாலின்றி அறுந்தால் துகள் மழையாக இருக்கலாம். அதே கோப்பில் பெருஞ்சக்தித் துகள்களை எண்ணும் நிரலும் உண்டு, அது கூடவே ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம், தள்ளிவிடுங்கள்.

ரொஸ்ஸியின் பார்வை வட்டம் ஏறத்தாழ 1 பாகை, முழுநிலவைப் போல் இரு மடங்கு. அது படம் எடுப்பதில்லை, வட்டத்துக்குள் வந்ததையெல்லாம் எண்ணும், அவ்வளவுதான். பால்வீதி மையத்தை ஒட்டிய இடங்களில் இரண்டு மூன்று வெடிப்பான்கள் ஒரே வட்டத்துக்குள் அகப்படும். அங்கே கண்ட வெடிப்பு நீங்கள் குறிவைத்த விண்மீனுடையதா என்பதை மின்பாரில் சரிபார்க்காமல் எழுதவேண்டாம்.

கூடை எடையைக் கழித்தல்

மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுப்பதைக் கண்டவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. தராசு காட்டுவது கொழுந்தின் எடை மட்டுமல்ல; கூடையும் இலையில் ஒட்டிய மழைநீரும் சேர்ந்தது. எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் வழக்கே வரும். இங்கேயும் இரண்டு கழிவுகள் உண்டு. ஒன்று கருவியின் சொந்தப் பின்னணி, அதாவது விண்மீனே இல்லாத பக்கம் பார்த்தாலும் வரும் எண்ணிக்கை. மற்றது விழும் வாயுவின் ஓயாத வெளிச்சம். வெடிப்பை அளக்க இரண்டையும் கழிக்கவேண்டும். ஓயாத வெளிச்சத்தை அளக்க முதலாவதை மட்டும் கழிக்கவேண்டும். தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பயிற்சிக்காக எடுத்த எண்களில் செய்து பார்ப்போம். இரண்டு உணரிகள் சேர்ந்து, வெடிப்புக்கு முன் செக்கனுக்கு 300. உச்சத்தில் 2300. வெடிப்பு 150 செக்கன். வெடிப்புக்கு முந்திய சராசரியை எடுக்கும்போது ஏற்றம் தொடங்குவதற்கு 10 செக்கன் முன்னே நிறுத்தி, அதற்குப் பின்னோக்கி 100 செக்கனை எடுங்கள். ஏற்றத்தின் அடி உள்ளே புகுந்தால் கழிவு கூடிவிடும். உச்சத்தின் நிகரம் 2000. 150 செக்கனின் நிகரக் கூட்டுத்தொகை 80,000 என்று வைத்தால், கூட்டுத்தொகையை உச்சத்தால் வகுக்க 40 செக்கன். வெடிப்பின் ‘அகலம்’ என்று இதைக் கொள்ளலாம். 4யூ 1728-34 இல் இதே கணக்கைச் செய்தால் பல மடங்கு சிறிய விடை வரும். ஏறும் நேரத்துக்கு உச்சத்தின் 25 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை எடுக்கும் செக்கன்களை எழுதுங்கள். பூச்சியத்திலிருந்து தொடங்கினால் தொடக்கம் எது என்பதிலேயே ஆளுக்கொரு விடை வரும்.

வழு எவ்வளவு? மொத்தமாக எண்ணியது 80,000 உடன் 300 தர 150, அதாவது 125,000, வர்க்கமூலம் 354. கழிவின் வழுவும் சேர்ந்தால் ஏறத்தாழ 440. அரைச் சதவீதம்தான். உச்சத்தில் ஒரு சின்ன ஒழுக்கு உண்டு: ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் உணரி 10 மைக்ரோசெக்கன் கண்ணை மூடிக்கொள்ளும். உணரிக்கு 1150 என்றால் சுமார் 1 சதவீதம் தவறிப்போகும். அது எண்ணியல் வழுவைவிடப் பெரிது என்பதைக் கவனியுங்கள்.

வெடிப்பு நடக்கும்போது விழும் வாயுவின் வெளிச்சம் மாறவில்லை என்று இந்தக் கழித்தல் எடுத்துக்கொள்கிறது. அது முழு உண்மை அல்ல. வெடிப்பின் வெளிச்சமே வாயுவின் வரவைக் கூட்டுகிறது என்பதை ரொஸ்ஸி தரவை வைத்து 2013 இல் காட்டினார்கள். முதல் பயிற்சிக்கு இதை ஒதுக்கிவைக்கலாம்.

அல்பா: என்ன எரிகிறது என்று கேட்பது

இரண்டு வெடிப்புகளுக்கு இடையில் வாயு விழுந்து வந்த சக்தியை, ஒரு வெடிப்பின் சக்தியால் வகுத்தால் வருவது அல்பா. இடைவெளி 4.1 மணித்தியாலம், அதாவது 14,760 செக்கன். ஓயாத வெளிச்சம் 300. அதில் கருவியின் பின்னணி 60 என்று வைத்தால் நிகரம் 240. பெருக்கினால் 35,42,400. அதை 80,000 ஆல் வகுக்க 44. பின்னணியைக் கழிக்க மறந்தவர்களுக்கு 55 வரும்.

இந்த எண் என்ன சொல்கிறது? விழுவதால் 200 மெகா இலத்திரன்வோல்ற்று. ஐதரசன் நிறைந்த கலவை எரிந்தால் ஒரு துகளுக்கு 4 முதல் 5 வரை கிடைக்கும். விகிதம் 40 க்கும் 50 க்கும் இடையில். தனி ஈலியம் எரிந்து காபனானால் 1 மெகா இலத்திரன்வோல்ற்றுக்கும் குறைவு. இரும்பின் பக்கம் வரை எரிந்தால் 1.6 அளவில், விகிதம் 125. ஆகவே 44 என்றால் ஐதரசன். ஜி.எஸ். 1826-24 க்கு முறையாக அளந்த சராசரி 41.7. எங்கள் 44 எண்ணிக்கையில் செய்தது, சக்தியில் அல்ல. வெடிப்பின் நிறமாலையும் ஓயாத வெளிச்சத்தின் நிறமாலையும் வேறு என்பதால் இதைப் பருமட்டான மதிப்பீடாகவே கொள்ளவேண்டும். 40 ஐயும் 120 ஐயும் பிரித்தறிய இது போதும். 40 ஐயும் 45 ஐயும் பிரிக்கப் போதாது.

அல்பா திடீரென இரண்டு மடங்காக வந்தால் விண்மீனைக் குற்றம் சொல்ல முன் இடைவெளியைப் பாருங்கள். ரொஸ்ஸி சுமார் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து மறைக்கும், தென் அத்திலாந்திக்கின் மேல் துகள் செறிந்த வலயத்தைக் கடக்கும்போது உணரிகளை அணைத்துவிடுவார்கள். அந்த இடைவேளையில் ஒரு வெடிப்பு நடந்திருந்தால் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். கண்ட இரண்டுக்கும் இடையில் 8.2 மணித்தியாலம் என்றால், நடுவில் 4.1 ஆவது மணித்தியாலத்தில் தரவு இருக்கிறதா என்று பாருங்கள். தரவு இல்லையென்றால் ஒன்று தவறியிருக்கிறது. தரவு இருந்தும் வெடிப்பு இல்லையென்றால்தான் யோசிக்கவேண்டிய விஷயம்.

ஆரை: ஏன் 7 கிலோமீற்றர் வருகிறது

நிறமாலையைப் பொருத்தி வெப்பநிலை எடுக்க எக்ஸ்ஸ்பெக் போன்ற மென்பொருளும் வேறு வகைக் கோப்புகளும் வேண்டும். அந்த வேலைக்குப் போகாமலே மின்பாரில் உள்ள வெப்பநிலையையும் பாயத்தையும் எடுத்துக் கணக்கை மட்டும் செய்யலாம். பாயத்தையும் தூரத்தையும் கொண்டு கணித்த ஒளிர்வு 1.2 × 10³¹ உவாற்று, வெப்பநிலை 2.1 கிலோ இலத்திரன்வோல்ற்று என்று வைப்போம். ஒரு கிலோ இலத்திரன்வோல்ற்று 1.16 கோடி கெல்வின், ஆகவே 2.44 × 10⁷ கெல்வின். தெபான் மாறிலி 5.67 × 10⁻⁸ ஐ வெப்பநிலையின் நான்காம் அடுக்கால் பெருக்க, சதுர மீற்றருக்கு 2.0 × 10²² உவாற்று. ஒளிர்வை இதனால் வகுக்க மேற்பரப்பு 6.0 × 10⁸ சதுர மீற்றர். ஆரை 6.9 கிலோமீற்றர்.

கணக்கில் பிழை இல்லை; விடை மட்டும் சிறிது. காரணம், அந்த வளிமண்டலத்தில் இலத்திரன்கள் ஒளியைச் சிதறடிப்பதால் நிறமாலை உண்மையைவிடச் சூடாகத் தோன்றுகிறது. தோற்ற வெப்பநிலை சுமார் 1.4 மடங்கு கூட என்றால் ஆரையை 1.4 இன் வர்க்கமான 1.96 ஆல் பெருக்கவேண்டும்: 13.5 கிலோமீற்றர். பிறகு ஈர்ப்பு ஒளியை வளைப்பதால் விண்மீன் பெரிதாகத் தெரிகிறது. அந்தக் காரணி 1.3 அளவில். வகுத்தால் சுமார் 10.4. தூரம் சரியாகத் தெரியாவிட்டால் ஆரையும் அதே வீதத்தில் பிழைக்கும் என்பதையும் கொப்பியில் எழுதிவையுங்கள். தூரத்தில் 20 சதவீதம் என்றால் ஆரையில் 20 சதவீதம்.

4யூ 1728-34 செக்கனுக்கு 363 தடவை சுழல்கிறது என்பதை 1996 இல் வெடிப்பின் துடிப்பை வைத்தே கண்டார்கள். 0.125 செக்கன் தரவில் அதைத் தேடவேண்டாம். அதில் 4 ஏர்ட்சுக்கு மேல் எந்த மீடிறனும் தெரியாது. அதற்கு மைக்ரோசெக்கன் கணக்கில் பதிந்த வேறு கோப்புகள் இருக்கின்றன, அளவும் மிகப் பெரிது.

வெடிப்பு நடக்கும் இடத்தையாவது கண்ணால் பார்க்க விரும்பினால் 4யூ 1820-30 இருக்கும் என்.ஜி.சி. 6624 என்ற, விண்மீன்கள் பந்தாய்த் திரண்ட கோளக் கொத்தைத் தேடலாம். ஜூன் முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் மழை என்றால் ஊவாப் பக்கம் காய்ந்திருக்கும். பண்டாரவளை, அப்புத்தளை, பதுளையில் வாய்ப்பு அதிகம். ஓகஸ்ட் 10 அளவில் இரவு 9 மணிக்கு நேர் தெற்கே, அடிவானிலிருந்து சுமார் 53 பாகை உயரத்தில் அது நிற்கும். தனுசுக் கூட்டத்தின் டெல்டா விண்மீனிலிருந்து தென்கிழக்கே ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவான தூரம். 10×50 இருகண் நோக்கியை வேலிக் கம்பத்தில் ஊன்றிப் பிடித்தால் விண்மீன் போல் கூராக இல்லாமல், பஞ்சுத் துகள் போல் ஒரு மங்கிய புள்ளி தெரியும். உள்ளே அந்த ஜோடி 11.4 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும்.